சேசம்மாள் கீழே இறங்கும் திட்டம்

மும்பை ஆண்டாப் ஹில்லில் உள்ள புதுவிடியல் ஹவுசிங் சொசைட்டியின் லிஃப்ட், பொங்கலுக்கு மறுநாள் காலையில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுபோனது. அப்போது உள்ளே யாரும் இல்லை. ஆகவே இதில் அவசரம் ஏதும் இல்லை என்று சொசைட்டி கமிட்டி முடிவுக்கு வந்தது.

குடிசைகளை இடித்துவிட்டு, அங்கே குடியிருந்தவர்களையே ஏழு மாடிக்கு அடுக்கிவைத்த கட்டடம் அது. குலுக்கலில் அமிர்தநாதனுக்கு ஏழாவது மாடி விழுந்தது. அவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஏழாவது மாடி என்றதும் அவர் முகம் சுருங்கியது, மனைவி சேசம்மாளுக்கு மட்டும் சந்தோஷம். காற்று வரும், ஜன்னலைத் திறந்தால் இரண்டு தெரு தள்ளி மாதா கோயில் தெரியும். முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவள் அவள். லிஃப்ட் இருக்கும்போது முழங்காலைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள். லிஃப்ட் நின்ற அன்று அவள் மேலே இருந்தாள். அதற்குப் பிறகும் மேலேயேதான் இருந்தாள்.

நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கிவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒப்பவில்லை. போன வருஷம் ஐந்தாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது, சவப்பெட்டி லிஃப்டில் நுழையாமலும் படிக்கட்டு வளைவில் திரும்பாமலும் போனதால், பிளாஸ்டிக் நாற்காலியில் சேலையால் கட்டித்தான் இறக்கினார்கள். அதை அவள் கீழே வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். "நாற்காலில வச்சு இறக்குறது செத்தவியளை. எனக்கு இன்னும் சோலி கெடக்கு" என்றாள்.

அவள் சொன்ன சோலி மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. நவி மும்பை ஐரோலியில் இருக்கும் மகள் கிளாரா, தன் பெண் ரீனாவுக்குப் புதுநன்மையை அம்மா இருக்கும் பங்குக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். கோயில் இரண்டு தெரு தள்ளி. பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்குவதைப் பார்க்க சேசம்மாள் ஏழு மாடி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பது பேருமே தரைத்தளம் முதல் இரண்டாவது மாடி வரை குடியிருப்பவர்கள். கூட்டம் ராத்திரி எட்டு மணிக்குக் கீழே ஆபீஸ் அறையில் நடக்கும். வேலை முடிந்து ஒரு தடவை மூச்சு வாங்க மேலே ஏறிவிட்டவர்கள் கூட்டத்துக்கென்று மறுபடி இறங்குவதில்லை. இப்படி, லிஃப்ட் தேவைப்படாதவர்கள்தான் லிஃப்டைப் பற்றி முடிவெடுப்பது என்ற நிலை, எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல் தானாகவே அமைந்துவிட்டது.

அமிர்தநாதன் விவரம் தெரிந்த மனிதர். வாயால் சொன்னால் வேலை நடக்காது என்று, வடாலாவிலிருந்து இசக்கிராஜ் என்ற லிஃப்ட் மெக்கானிக்கையே கையோடு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மோட்டார் அறைச் சாவி செக்ரட்டரியிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த இசக்கிராஜ் துணியில் கையைத் துடைத்தபடி சொன்னான்: "ஒரு பேரிங்கு, ரெண்டு கயிறு. காலைல கை வச்சா சாயந்தரம் ஓடும் சார்."

செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் சாவியைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஐரோலியில் ஒரு பெரிய கம்பெனியின் பிளானிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்கா வீட்டை விற்றுவிட்டு இங்கே முதல் மாடியில் வாங்கிக்கொண்டு வந்தவர். கோபப்படத் தெரியாத மனிதர். அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை ஒரு குறையாகச் சொல்வார்கள்.

"அமிர்தநாதன், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்கோ. முப்பத்தொரு வருஷம் பிளானிங்லே இருந்தேன். ஒரு வேலையைக்கூட நான் திட்டம் இல்லாம ஆரம்பிச்சதில்லே."

"முடிச்சிருக்கியளா சார்?" என்று இசக்கிராஜ் கேட்டான். அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"முடிக்கறது எக்ஸிக்யூஷன் டிபார்ட்மெண்ட். அது வேற பில்டிங்" என்றார் செக்ரட்டரி.

திட்டம் போட வேண்டுமானால் திட்டம் போடும் மென்பொருள் வேண்டும். பொதுப்பணம் என்பதால் அது மலிவாகவும் இருக்க வேண்டும். மலிவான மென்பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட துணைக் கமிட்டி போடப்பட்டது. அவர்கள் பதினோரு மென்பொருள்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். ஒன்றில் விலை குறைவு, ஆனால் ஐந்து பேருக்கு மேல் உள்ளே வர முடியாது. கமிட்டியில் ஒன்பது பேர் ஆயிற்றே, வெளியே நிற்கப்போகும் நாலு பேர் யார் என்பதில் ஒரு கூட்டம் போயிற்று. இன்னொன்றில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும். மூன்றாவது முழுக்க இலவசம், ஆனால் அது கல்யாண மண்டபங்களுக்கானது. ஒப்பீட்டுத் தாள்கள் பெருகி, எது யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போனபோது, இந்தத் தேர்வு வேலையை ஒழுங்காக நடத்தவே ஒரு மென்பொருள் தேவை என்று துணைக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. அன்றைக்கு பிப்ரவரி இருபது.

சிக்கலை அவிழ்த்தவர் பொருளாளர் சுடலை. தரைத்தளத்தில் மாவுக்கடை வைத்திருப்பவர், வாங்கும் முன் ருசி பார்க்கும் ஆட்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்தவர். "எல்லாவனும் பதினாலு நாள் சும்மா குடுக்கான். பதினாலு நாள் முடிஞ்சா அடுத்த ஆளு பேர்ல, அடுத்த நம்பர்ல சேந்துக்கிட வேண்டியதுதானே. நம்ம பில்டிங்ல அம்பத்தாறு வீடு. வீட்டுக்கு ரெண்டு போனு."

செக்ரட்டரி கால்குலேட்டரை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு போன், தலைக்குப் பதினாலு நாள். நாலு வருஷமும் நூற்றெட்டு நாளும் ஒரு பைசா செலவில்லாமல் திட்டமிடலாம். நூற்றெட்டு நல்ல எண் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சுடலைக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. ஒரே நாளில் முடியும் ஒரு வேலைக்கு நாலு வருஷத் திட்டமிடல் கைவசம் இருப்பதைக் கண்டு கமிட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அமிர்தநாதனையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்.

முதல் மென்பொருளின் பெயர் பிளான்மித்ரா. திறந்ததும் அது, உங்கள் திட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்டது.

"லிஃப்ட் ரிப்பேருன்னு போடுங்க சார்" என்றார் அமிர்தநாதன்.

செக்ரட்டரி தலையை ஆட்டினார். "ரிப்பேர்ங்கறது வேலை. அது நோக்கம் ஆகாது. நோக்கம்னா யாருக்கு என்ன பலன்னு சொல்லணும், அளந்து பார்க்கும்படியா இருக்கணும். உங்களுக்கு லிஃப்ட் எதுக்கு வேணும், மனசைத் திறந்து சொல்லுங்கோ."

"வீட்டுக்காரி கீழ இறங்கணும் சார். நாலாம் மாசம் போயி அஞ்சாம் மாசம், இரண்டாம் ஞாயித்துக்கிழமை."

"பேஷ். பலன் இருக்கு, தேதி இருக்கு, அளவும் இருக்கு. ஏழாவது மாடியிலேர்ந்து தரைத்தளம்." அவர் ஒரு விரலால் தட்டி எழுதினார். திட்டத்தின் பெயர்: சேசம்மாள் கீழே இறங்குதல். உரிமையாளர் யார் என்று அடுத்த கட்டத்தில் கேட்டது. பலன் யாருக்கோ அவர்கள் வீட்டில்தான் உரிமையும் இருக்க வேண்டும் என்று செக்ரட்டரி அமிர்தநாதன் பெயரைப் போட்டார். அமிர்தநாதன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு திட்டத்துக்கு உரிமையாளர் ஆனார். மனைவியிடம் சொல்லலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏழு மாடியும் ஏறினார்.

"லிஃப்ட் எப்ப ஓடுமாம்?" என்றாள் சேசம்மாள்.

"என்னைய ஓனரா போட்டிருக்காவ."

"லிஃப்ட் எப்ப ஓடுமாம்னு கேட்டேன்" என்றாள் அவள்.

பிளான்மித்ராவில் வேலைகளை அடுக்கி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பேரிங் வாங்குதல் என்ற ஒரு வேலை, பேரிங் தேவையை உணர்தல், பேரிங் பற்றி விசாரித்தல், பேரிங் கடைக்கு வழி கேட்டல் என்று பதினேழு உபவேலைகளாகப் பிரிந்தது. மிச்சம் இருந்த மூன்று நாளில் ஒன்று ஞாயிறு, ஒன்று ஹோலி. மூன்றாவது நாள் இசக்கிராஜ் கயிற்றுடன் வந்து வாசலில் நின்றான். வேலையை அவன் தன் போனில் ஏற்றுக்கொண்டால்தான் அவனுக்குச் சாவி. அவனிடம் இருந்தது பொத்தான் போன். கடன் சொல்லி வேறு போன் வாங்கிக்கொண்டு மறுநாள் வந்தபோது பதினாலு நாள் முடிந்திருந்தது. அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் பணம் கட்டச் சொல்லி பிளான்மித்ரா கதவைச் சாத்திக்கொண்டது. பணம் கட்டினால் அப்புறம் என்ன மலிவு. அடுத்த ஆள் பேரில், இரண்டாவது மென்பொருளில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டாவதில் எதற்கெடுத்தாலும் பயனாளி சம்மதம் தர வேண்டும். சம்மதத்துக்கான ஆறு இலக்க எண் பயனாளியின் போனுக்கு வரும். சேசம்மாளின் போன் சேசம்மாளோடு ஏழாவது மாடியில் இருந்தது. அமிர்தநாதன் கீழே இருந்து அழைத்து எண்ணைக் கேட்டார்.

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போன்லயே படிச்சுப் படிச்சுச் சொல்லுதான்" என்றாள் சேசம்மாள்.

"நாந்தான் கேக்கேன்."

"நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும். குரலை அப்படியே மாத்திப் பேசுதானுவளாம், கிளாரா சொன்னா. மேல வந்து முகத்தைக் காட்டிட்டு வாங்கிட்டுப் போங்க."

அவருக்கு ஏற ஏழு நிமிஷம், இறங்க நாலு நிமிஷம். அந்த எண்ணுக்கு ஆயுள் பத்து நிமிஷம். மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு, தான் முதலில் மேலே போய் உட்கார்ந்துகொண்டு அப்புறம் எண்ணை அனுப்பச் சொன்னால் இறங்குவது மட்டும்தானே என்று அவருக்கு உறைத்தது. இந்த யோசனையை செக்ரட்டரி மிகவும் பாராட்டி, வழிமுறை மேம்பாடு என்ற தலைப்பில் தன் பெயரில் பதிவு செய்தார்.

மூன்றாவது மென்பொருள் அபாயங்களைப் பட்டியலிடச் சொன்னது. லிஃப்ட் அறுந்து விழுதல் என்று சுடலை சொன்னார். ஓடாத லிஃப்ட் விழாது என்பதால் அபாயம் பூஜ்யம் என்று பதிவானது. கட்டடத்தின் வரலாற்றிலேயே லிஃப்ட் இவ்வளவு பாதுகாப்பாக இருந்த காலாண்டு இதுதான் என்று செக்ரட்டரி அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். வண்ணப் பட்டைகளாக நீளும் கால அட்டவணையை ஃப்ளெக்ஸ் பேனராக அடித்து லிஃப்ட் கதவின் மேல் ஒட்டினார்கள். இசக்கிராஜ் அதற்குள் மென்பொருள் பயிற்சிக்கென்று மூன்று நாள் கூலியை இழந்து வந்துபோனான். மூன்றாம் நாள் முடிவில் அவனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவன் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அமிர்தநாதனைத் தனியே அழைத்தான்.

"அண்ணாச்சி, சாவியை மட்டும் வாங்கித் தாங்க. கூலியே வேண்டாம். என் பேரைச் சொன்னா வடாலாவுல சிரிக்கானுவ."

 அமிர்தநாதன் அன்று சாயந்தரம் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினார். கயிறும் பேரிங்கும் தன் செலவு, சாவி மட்டும் போதும் என்றார். செக்ரட்டரி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"உங்க அவசரம் புரியறது. ஆனா நாளைக்கு நீங்க பாட்டுக்கு லிஃப்டை ஓட விட்டுட்டேள்னு வெச்சுக்கோங்கோ. திட்டத்துலே அது முப்பத்தெட்டு பர்செண்ட்னு நிக்கறது. லிஃப்ட் ஓடறது, ஆனா முப்பத்தெட்டு பர்செண்ட். நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?"

"அப்ப என்னைய விட்டுருங்க சார். ஓனர் வேலை எனக்கு வேண்டாம்."

"நான் விடறதுக்கு ரெடி. சாஃப்ட்வேர் விடாது. இன்னொருத்தர் ஓனரா வந்தாத்தான் உங்க பேரை எடுக்க முடியும். யாராவது வருவாளா, கேட்டுப் பாருங்கோ."

கேட்டார். ஏழாவது மாடியிலிருந்து மூன்றாவது வரை கதவு கதவாகத் தட்டினார். எல்லோரும் அவரை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வேறு விஷயம் பேசினார்கள். நான்காவது மாடி நூர் நிஷா மட்டும், "அண்ணே, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று வெளிப்படையாகச் சொன்னாள்.

நாலாவது மென்பொருள், ஐந்தாவது மென்பொருள். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை வந்துவிட்டது. அமிர்தநாதன் அன்று பட்டறையில் ஒரு முழுத் தோலைக் கோணலாக வெட்டிவிட்டு, பேச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். சேசம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புதுச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"அறுபத்திரண்டு பர்செண்ட் முடிஞ்சிட்டாம்."

"அறுபத்திரண்டுன்னா எத்தனாவது மாடி?"

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "மூணாவது மாடி இருக்கும்."

"நாலு மாடி அவியளே இறக்கிட்டாவளாக்கும்" என்றாள் அவள். ஊசியை நூலோடு சேலையில் குத்தி வைத்தாள். அப்புறம், "காலைல அஞ்சரைக்கு எழுப்பிவிடுங்க" என்றாள்.

காலையில் பழைய சேலையைக் கட்டிக்கொண்டாள். புதுச் சேலையைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். மடித்த கோணிச்சாக்கை முதல் படியில் போட்டு அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி அடுத்த படிக்கு நகர்ந்தாள். மொத்தம் நூற்று இருபத்தாறு படி. அமிர்தநாதன் ஒரு படி முன்னால், அவளைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கினார். தூக்கவா என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்க வாயெடுத்தபோது அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். நான்காவது மாடியில் நூர் நிஷா டீயும் வலி மருந்தும் கொண்டு வந்து, மருந்தை முழங்காலில் தேய்த்துவிட்டாள். சேசம்மாள் அழவில்லை. அமிர்தநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

முதல் மாடியில் செக்ரட்டரி பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தார். படியில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்த சேசம்மாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் உண்மையான பரவசம் தெரிந்தது.

"மாமி, ஒரே ஒரு நிமிஷம். அங்கேயே இருங்கோ." உள்ளே ஓடிப்போய் போனை எடுத்து வந்து பதிந்தார். "எண்பத்தஞ்சு. ம், இப்போ வாங்கோ."

அவள் தரைத்தளத்தைத் தொட்டபோது மணி எட்டே கால். போன் திரையில் நூறு என்று வந்து வண்ணக் காகிதங்கள் பறந்தன. கமிட்டியில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். கைதட்டினார்கள். சுடலையின் மனைவி மாடத்தி அவளைத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போய், கைதட்டியவர்களின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, புதுச் சேலையைக் கட்டிவிட்டாள்.

அமிர்தநாதன் டாக்சி பிடித்து அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஒன்பது மணிப் பூசையில் ரீனா வெள்ளை உடுப்பில் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பியவள் பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள். சேசம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

கிளாராவோடு திரும்பி வந்தபோது லிஃப்ட் கதவில் பழைய பேனரைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டியிருந்தார்கள். திட்டம் வெற்றிகரமாக நிறைவு, செலவு பூஜ்யம், குறித்த தேதியில், என்று அதில் இருந்தது. நாற்காலி போட்டு செக்ரட்டரி ஒரு சிறு உரை நிகழ்த்தினார். மலிவான கருவியும் முறையான திட்டமிடலும் இருந்தால், ஒரு பேரிங் கூட வாங்காமல் இலக்கை அடைய முடியும் என்பதற்குப் புதுவிடியல் ஓர் எடுத்துக்காட்டு என்றார். ஐரோலியில் தன் பழைய கம்பெனிக்கு இதை எழுதி அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

சேசம்மாள் உரை முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். "எல்லாஞ் சரி சார். இனி மேல எப்படிப் போறது?"

"மேலே போறதா?" செக்ரட்டரி பேனரைத் திரும்பிப் பார்த்தார். "மாமி, நம்ம திட்டத்துலே இறங்கறது மட்டும்தான் இருக்கு. ஏறணும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். பரவாயில்லே, அதுக்குத் தனியா ஒரு திட்டம் போட்டுடலாம்."

அவள் முழங்கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. கிளாரா இதற்குமேல் ஒரு பேச்சும் கேட்கவில்லை. டாக்சி பிடித்து அம்மாவை ஐரோலிக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஒற்றை அறை வீடு, மருமகனும் பிள்ளையும் இருக்கும் இடத்தில் அமிர்தநாதனுக்கும் சேர்த்து இடமில்லை. தாராவிப் பட்டறைக்கு அங்கிருந்து வந்துபோகவும் முடியாது. "ரெண்டு நாளு. லிஃப்டை ஓட வச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சேசம்மாள் டாக்சிக்குள் இருந்து சொன்னாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அவர்கள் பிரிந்து இருந்தது பிரசவங்களுக்கு மட்டும்தான். அன்று ஏழாவது மாடி ஏறிய அமிர்தநாதன் விளக்கைப் போடாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து நேரே ஆபீஸ் அறைக்குப் போனார். செக்ரட்டரி சொன்ன சொல் தவறாதவர். ஆறாவது மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சேசம்மாள் மேலே ஏறுதல் என்று தலைப்பும் போட்டாகிவிட்டது.

"இந்தத் தடவை மொதல்லயே லிஃப்ட் ரிப்பேருன்னு ஒரு வரி போட்ருங்க சார்" என்றார் அமிர்தநாதன்.

"போட்டாச்சு, மொதல் வேலையே அதுதான். இசக்கிராஜை நாளைக்கே வரச் சொல்லிடலாம், சாவியும் கொடுத்துடறேன்." அவர் மேஜைமேல் சாவியை எடுத்தே வைத்துவிட்டார். அமிர்தநாதனின் கை அதை நோக்கி நகர்ந்தது. "ஒரே ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. குடியிருக்கறவாளுக்குத்தான் திட்டம் போட முடியும். மாமி இப்போ பில்டிங்லே இல்லையோன்னோ. அதனாலே அவா ஒரு தடவை ஏழாவது மாடிக்கு வந்து, வீட்டு வாசல்லே நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும். அது வந்த அடுத்த நிமிஷம் லிஃப்ட் வேலையை ஆரம்பிச்சுடலாம்."

அமிர்தநாதன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். செக்ரட்டரி அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொன்னார். சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அமிர்தநாதன் வெளியே வந்து படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தார். போன் அடித்தது. ஐரோலியிலிருந்து சேசம்மாள்.

"என்ன சொன்னாவ?"

"நாளைக்கே ஆரம்பிச்சிருவாவளாம்" என்றார் அமிர்தநாதன். "நீ மேல ஏறி வந்துட்டா போதுமாம்."